தவறணை வாயிலில் ஒரு தனிமொழி

வறுமையைப் பாடாத மொழி உலகில் இல்லை. ஆயினும் வறுமைப் பாட்டுக்கள் யாவும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. வறியவன் தன் நிலையைத் தானே எடுத்துரைக்கும் பாட்டு ஒரு வகை. வயிறார உண்டவன் ஒருவன், பசித்தவனைப் பார்த்து, "உனக்கு என்ன குறை? உன் குடிசையிலுள்ள அமைதி அரண்மனையில் உண்டா?" என்று பாடுவது மற்றொரு வகை. முன்னையது நெஞ்சிலிருந்து பிறப்பது. பின்னையது பெரும்பாலும் சாய்மனைக் கதிரையிலிருந்து பிறப்பது.

"போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்பது நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் பழமொழி. அதன் உண்மையை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் மருந்து என்றால், அதை யார், யாருக்குக் கொடுக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. தன் ஆசை என்னும் நோய்க்கு ஒருவன் தானே அதை அருந்தினால் அது மருந்து. பிறனுடைய பசிக்கு மறுமொழியாக அவன் வாயில் அதை ஊற்றினால் அது மயக்க மருந்தாகிவிடும். இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு இவ்வாரம் ஓர் அந்நிய நாட்டுப் பாட்டை நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அது 18ஆம் நூற்றாண்டில் சுவீடன் தேசத்தில் பிறந்தது. அதை ஆக்கியவர் கார்ல் மிக்கேல் பெல்மன். சுவீடன் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றிவரும் கவிஞர். பாட்டெழுதியதோடு நில்லாமல் தாமே நரம்புக் கருவியை மீட்டிப் பாடியவர்.

நகரமும் காலமும்

பாட்டின் களம் சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோம். அக்காலத்தில் ஏறக்குறைய 70,000 மக்கள் வாழ்ந்த நகரம் அது. ஏரியும் கடலும் சந்திக்கும் இடத்தில், தீவுகளின் மீது அமைந்தது. நடுத் தீவிலே அரண்மனையும், பெருங்கோயிலும், வணிகர் மாளிகைகளும், அவற்றிடையே ஒடுங்கிய ஒழுங்கைகளும் இருந்தன. அவ்வொழுங்கைகளிலே தவறணைகள் மலிந்திருந்தன. தானியத்திலிருந்து வடித்த சாராயமே ஏழை எளியவரின் பானம். நீண்ட மாரிக்காலத்தின் குளிருக்கும் இருளுக்கும் அதுவே போர்வை என்று அவர்கள் எண்ணினர்.

பாட்டுக்கு உரிய காலம் 1768ஆம் ஆண்டின் ஒரு கோடை இரவு. வட நாடாகிய சுவீடனில் நடுக்கோடை இரவு மிகக் குறுகியது. வானம் முற்றாக இருள்வதே இல்லை. வீடில்லாதவன் வெளியிலே கிடந்தாலும் உயிர்பிழைக்கக்கூடிய பருவம் அது ஒன்றே.

அந்த ஆண்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. சுவீடனின் தேசிய வங்கி 1668இல் நிறுவப்பட்டது. இன்று உலகிலுள்ள மத்திய வங்கிகளுள் மிகப் பழையது அதுவே. எனவே 1768இல் அவ்வங்கிக்குச் சரியாக நூறு வயது. ஆனால் நூற்றாண்டு நிறைந்த வேளையில் நாட்டின் பணநிலை நோயுற்றிருந்தது. 1757 முதல் 1762 வரை சுவீடன் ஜெர்மன் நிலத்திலே நடத்திய போருக்காகக் காகித நாணயம் அளவின்றி அச்சிடப்பட்டது, விலைவாசி ஏறியது. பின்னர், 1765இல் ஆட்சிக்கு வந்த எதிர்க்கட்சியினர் அந்நோயைத் தீர்க்க முற்பட்டுப் பணத்தை இறுக்கினர். விலைகள் வீழ்ந்தன, கடன்பட்ட வணிகரும் தொழிலாளரும் நொடித்துப்போயினர். ஏறும் விலையால் ஒரு தடவையும் இறங்கும் விலையால் மறு தடவையுமாக, எளியவன் இரு முறை அடிபட்டான்.

இவ்வளவையும் ஏன் சொல்கின்றோம் எனின், பாட்டில் வரும் வறியவன் வீழ்ந்துகிடக்கும் இடம் அத்தகையது. பாட்டின் தலைப்பிலே கவிஞர் அதனைத் தெளிவாகக் குறித்துள்ளார். தவறணையின் பெயர் "தவழ்ந்து உள்ளே வா" என்று பொருள்படும். அதன் எதிர்ப்புறத்தில் இருப்பது வங்கி மாளிகை. ஒரு பக்கம் நாட்டின் பணமெல்லாம் குவிந்த கற்கட்டடம். மறு பக்கம் சாராயக் கடை. இரண்டுக்கும் இடையே, தெருவோரத்துச் சாக்கடையிலே, ஒரு மனிதன். கவிஞர் இதற்குமேல் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கவும் வேண்டியதில்லை.

பாட்டின் போக்கு

அம்மனிதன் தன் தாயை விளித்துப் பேசத் தொடங்குகிறான். அன்பினால் அன்று, ஆற்றாமையினால். "என்னை ஏன் பெற்றாய்?" என்பதே அவன் முதற் கேள்வி. தந்தையையும் தாயையும் கூட்டிவைத்த அந்த நாளையே அவன் நொந்துகொள்கிறான். அவர்கள் ஏற்றிய சிறு பொறியினாலன்றோ தான் இன்று இவ்வாறு எரிகின்றான்! தன் நைந்த உடையைப் பார்க்கிறான். தளர்ந்த உடலைப் பார்க்கிறான். வரண்ட தொண்டையை உணர்கிறான். சாவு வந்து கொண்டுபோகலாகாதா என்று எண்ணுகிறான்.

இவ்வாறு புலம்பிக் கிடக்கும்போது பொழுது புலர்கிறது. தவறணையின் யன்னற் பலகைகள் கழற்றப்படுகின்றன. கதவு திறக்கிறது. அவன் எழுந்து, கடையின் பெயர் சொல்லும் வண்ணமே உள்ளே நுழைகிறான். ஒரு மிடறு உள்ளே செல்கிறது. உடலில் சூடு பரவுகிறது. உலகம் மாறிவிடுகிறது. சற்று முன்னர்ச் சபித்த அதே தாய்க்கும் தந்தைக்கும் இப்போது அவன் நன்றி கூறுகிறான். தன்னை இவ்வுலகுக்குக் கொணர்ந்ததற்காக அவர்களை வாழ்த்துகிறான். எதை வசைமொழியாக எடுத்தானோ அதையே வாழ்த்துமொழியாக மாற்றிப் பாட்டை முடிக்கிறான்.

கதை இவ்வளவே. நிலத்திலே எதுவும் மாறவில்லை. அவன் உடை அதே உடை. வங்கி அதே வங்கி. கடனும் பசியும் இருந்தபடியே இருக்கின்றன. மாறியது அவன் மனம் ஒன்றே. அதுவும் ஒரு நாழிகைக்கு.

கவிஞர் இதனை "தனிமொழி" என்று குறித்தார். நாடக மேடையிலே ஒரு பாத்திரம் தனியே நின்று தன் உள்ளத்தோடு பேசுவதற்குரிய பெயர் அது. அரசகுமாரருக்கும் வீரருக்கும் உரியதாயிருந்த அப்பெயரைச் சாக்கடையிலே கிடப்பவனுக்குக் கொடுத்தமை சிறு துணிவு அன்று. பிற்காலத்துச் சுவீடிய விமர்சகர் ஒஸ்கார் லெவர்த்தீன் இப்பாட்டை ஹம்லெத்து இளவரசனின் புகழ்பெற்ற தனிமொழியோடு ஒப்பிட்டார். "இருப்பதா, இறப்பதா" என்ற கேள்வி டென்மார்க்கு அரண்மனைக்கு மாத்திரம் உரியது அன்று. தவறணை வாயிலிலும் அது எழும் என்பதே அவ்வொப்புமையின் கருத்து.

மணிக்கூடு இல்லாத மணிக்கூட்டுக்காரன்

பாட்டிலே புலம்புகிறவன் பெயர் பிரெட்மன். இவன் வெறுங் கற்பனை அல்லன். ஜீன் பிரெட்மன் என்ற மணிக்கூட்டுக் கைவினைஞர் உண்மையில் ஸ்டொக்ஹோமில் வாழ்ந்தார். அரண்மனைக்கு மணிக்கூடு செய்யும் உரிமை பெற்று உயர்ந்த நிலையில் இருந்தவர். காலப்போக்கில் குடியும் கடனும் அவரை வீழ்த்தின. செல்வாக்கு இழந்து, 1767இல் இறந்தார்.

நேயர்கள் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். பாட்டுக்குக் கவிஞர் குறித்த காலமோ 1768. எனவே, சாக்கடையிலே கிடந்து புலம்புபவன், புலம்பும் காலத்தில், ஓராண்டுக்கு முன்னரே இறந்தவன்! பெல்மன் ஒரு தனிமனிதனின் சரித்திரத்தை எழுத முற்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இறந்த ஒருவரின் பெயரை எடுத்து, வீழ்ந்த மனிதர் எல்லோருக்கும் அதனைக் குரலாக்கினார்.

தம் பாத்திரங்களை அறிமுகஞ் செய்யும் இடத்திலே கவிஞர் பிரெட்மனைப் பெயர்பெற்ற மணிக்கூட்டுக்காரன் என்கிறார். உடனேயே, அவனிடம் மணிக்கூடும் இல்லை, பட்டறையும் இல்லை, சரக்கும் இல்லை என்கிறார். நகைப்பு வருகிறது, நகைத்த மறுகணம் நெஞ்சு கனக்கிறது. ஊருக்கெல்லாம் நேரம் காட்டியவனுக்குத் தன் நேரம் தெரியவில்லை. எப்பொழுது விடியும், எப்பொழுது கதவு திறக்கும் என்பது ஒன்றே அவனுக்குத் தெரிந்த காலக்கணக்கு.

இத்தகைய 82 பாட்டுக்களைப் பெல்மன் பிரெட்மனின் வாயில் வைத்துப் பாடினார். அவற்றுக்கு "பிரெட்மனின் நிருபங்கள்" என்று பெயரிட்டார். கிறித்தவ வேதத்திலே பவுல் அப்போஸ்தலர் சபைகளுக்கு எழுதிய நிருபங்களை நம்மவர் பலரும் அறிவர். அந்தத் தோரணையைத் தவறணைக்கு மாற்றியமைத்ததே தொடக்கத்தில் வேடிக்கையாக இருந்தது. ஆனால் வேடிக்கையாகத் தொடங்கியது வரவர ஆழமாயிற்று. முழங்கும் நற்செய்தியாளன் நடுநடுவே தன் தனிமையையும், நண்பரின் நோயையும், வாயிலில் காத்து நிற்கும் சாவையும் பாடலானான். நாம் எடுத்துக்கொண்ட தனிமொழி இவற்றுள் 23ஆவது.

கவிஞரின் கடன்

இனி, இப்பாட்டைப் பாடியவர் எத்தகையவர் என்று காண்போம். பாடியவர் சாய்மனைக் கதிரையில் இருந்தவரா, அன்றிச் சாக்கடையின் அருகில் நின்றவரா என்பது நம் கேள்விக்கு இன்றியமையாதது.

பெல்மன் 1740ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் ஸ்டொக்ஹோமில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர், குடும்பம் மதிப்பானது, பிள்ளைகள் பலர், கார்ல் மிக்கேல் மூத்தவர். இளமையிலே அவர் தேசிய வங்கியில் சம்பளமற்ற பயிலுநராகச் சேர்ந்தார். ஆம், பாட்டிலே வரும் அதே வங்கிதான். வங்கியிலே பணத்தை எண்ணப் பழகிய இளைஞர் வெளியிலே கடன்படவும் பழகினார். கடன்காரர் நெருக்கவே, 1763இல் அயல்நாடாகிய நோர்வேக்குத் தப்பியோடினார். பின்னர்த் திரும்பி வந்தாலும் வங்கிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. சுங்க இலாகாவிலும் பிற இடங்களிலும் சிறு உத்தியோகம் பார்த்தார்.

கலைகளில் நாட்டமுள்ள மன்னர் மூன்றாம் குஸ்தாவ் அவரை ஆதரித்து, 1776இல் அரசாங்க லொத்தர் சபையில் செயலாளர் பதவி வழங்கினார். கவிஞரோ சம்பளத்தில் ஒரு பாதியை வேறொருவருக்குக் கொடுத்து அவரைக்கொண்டு வேலையைச் செய்வித்து, மறு பாதியில் காலங் கழித்தார். அடுத்த ஆண்டு லொவீசா குரொன்லுண்ட் என்ற பெண்ணை மணந்தார். நான்கு ஆண்மக்கள் பிறந்தனர். ஒருவனை அம்மை நோய் கொண்டுபோயிற்று.

1792 மார்ச்சு மாதத்தில், முகமூடி நடனம் ஒன்றிலே மன்னர் குஸ்தாவைப் பிரபு ஒருவன் சுட்டான். அக்காயத்தால் அம்மாத இறுதியிலே மன்னர் இறந்தார். கவிஞரின் நிழல்மரம் சாய்ந்தது. 1794இல், தீராத கடனொன்றுக்காகப் பெல்மன் சிறைப்படுத்தப்பட்டார். சயரோகம் பற்றிய உடலோடு சில வாரங்கள் சிறையிலே இருந்தார். அங்கேதான் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். கசந்து எழுதவேண்டிய இடத்தில் இருந்து, அதை நகைச்சுவையோடு எழுதினார். விடுதலைக்குப் பின் நெடுநாள் வாழவில்லை. 1795 பெப்ரவரி 11ஆம் நாள், 55 வயது நிரம்பிய சில நாட்களில், உலக வாழ்வை நீத்தார். அவரை அடக்கம் செய்த கிளாரா கோயில் மயானத்தில் அவருடைய கல்லறை இன்ன இடம் என்று குறித்துவைக்கவும் எவரும் முன்வரவில்லை. 1851இல்தான் சுவீடிய இலக்கியக் கழகம் அங்கு நினைவுச்சின்னம் நாட்டியது.

ஆக, பாட்டிலே மணிக்கூட்டுக்காரன் பட்ட பாடு கவிஞருக்கு அந்நியமானதன்று. பாடும்போது அவர் சாக்கடையிலே கிடக்கவில்லை. ஆனால் அதன் விளிம்பில் நடந்துகொண்டிருந்தார். விளிம்பில் நடப்பவனுக்கு மேலும் தெரியும், கீழும் தெரியும்.

திருப்தி என்னும் வேடம்

அக்காலத்து ஐரோப்பிய அரசவைகளில் வறுமையைப் புகழும் ஒரு நாகரிகம் பரவியிருந்தது. பிரபுக்களும் சீமாட்டிகளும் ஆயர் வேடம் பூண்டு விருந்தாடினர். கவிகள் ஆட்டிடையனின் எளிய வாழ்வையும், அவன் குழலையும், அவன் கவலையற்ற உறக்கத்தையும் பாடினர். பிரான்சிலே அரசி மரி அந்துவானெத்து, 1780களில், வெர்செயில் அரண்மனைத் தோட்டத்துக்குள்ளேயே ஒரு சிற்றூரைக் கட்டுவித்தார். அங்கே குடிசைகளும் பாற்பண்ணையும் இருந்தன. பொழுதுபோக்குக்காக எளிமை! வேண்டும்போது அணிந்து, வேண்டாதபோது களையக்கூடிய வறுமை! அத்தகைய திருப்தியைப் பாடுவது எளிது.

பெல்மனும் ஆயர் பாட்டின் நடையை நன்கு அறிந்தவர். ஆனால் அதன் மென்மையான இசையையும் அலங்காரச் சொற்களையும் எடுத்து, அவற்றைத் தவறணைக்கும் தெருவுக்கும் உடுத்திவிட்டார். காதல் தெய்வமும் வனதேவதையரும் அவர் பாட்டில் வருவர்; வந்து, குடிகாரரோடும் வேலையற்ற வீரரோடும் ஒரே படகில் ஏறுவர்.

இப்பாட்டுக்களில் அடிக்கடி தோன்றும் ஊலா வின்பிளாத் என்ற பெண்ணுக்கு மூலமானவர் மரியா கிறிஸ்தீனா என்ற ஏழைத் தொழிலாளி. பட்டுத் தொழிற்சாலையிலே வேலை செய்தவர். பட்டுடை இன்னார் இன்னார்தான் அணியலாம் என்று சட்டம் விதித்த காலம் அது. பட்டாடை அணிந்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மேலும் எழுந்தது. பட்டை ஆக்கும் கைக்குப் பட்டை உடுத்தும் உரிமை இல்லை! வறியவன் உள்ளதைக்கொண்டு திருப்தியடைய வேண்டும் என்பதை அறிவுரையாக மட்டுமன்றிச் சட்டமாகவே விதித்த சமுதாயம் அது என்பதற்கு இதுவே போதிய சான்று. பெல்மனின் பாட்டுக்கள் ஊரெங்கும் பரவியதனால் அப்பெண்மணியின் பெயருக்கு இழுக்கு நேர்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. வறியவரின் வாழ்க்கையைப் பாட்டாக்குவோன், அவ்வறியவரின் மானத்துக்கும் பொறுப்பாளி. இவ்விடத்தில் நம் கவிஞர் குற்றமற்றவர் அல்லர்.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வளவும் கேட்ட மாணவர் ஒருவர், "ஐயா, அந்தத் திருப்தி சாராயத்தால் வந்த திருப்திதானே? அதையா நாங்கள் படிக்க வேண்டும்?" என்று வினவக்கூடும். நியாயமான கேள்வி. தந்தையின் குடியால் அடுப்பு எரியாத வீடுகள் நம் அயலிலும் உள. அவ்வீட்டுப் பிள்ளைக்கு இது வேடிக்கைப் பாட்டு அன்று.

வள்ளுவர் நல்குரவுக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு மற்றோர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். பெல்மன் இரண்டையும் ஒரே தெருவோரத்தில் கிடத்திவிட்டார். ஆனால் உற்று நோக்கின், அவர் குடியைப் புகழவில்லை என்பது புலனாகும். புகழ விரும்பியிருந்தால் பாட்டை மதுக்கிண்ணத்திலே தொடங்கியிருப்பார். அவரோ சாக்கடையிலே தொடங்கினார். முதல்நாட் குடி எங்கே கொண்டுபோய்க் கிடத்தும் என்பதைக் காட்டிய பின்னரே மறுநாட் குடி தரும் மகிழ்ச்சியைக் காட்டினார். அம்மகிழ்ச்சி அடுத்த இரவு எங்கே முடியும் என்பதைச் சொல்லாமலே விட்டார். பாட்டின் இறுதியில் நன்றி கூறும் குரல், பாட்டின் தொடக்கத்துக்கே திரும்பிப்போகும் குரல் என்பதை உணராதவன் பாட்டை அரைவாசியே கேட்டவன்.

இதிலே இன்னொரு பாடமும் உண்டு. அம்மனிதனைத் தவறணைக்குள் தள்ளியது அவனுடைய பலவீனம் மாத்திரமா? 1771இலும் 1772இலும் சுவீடனில் விளைச்சல் பொய்த்தது. உண்ணத் தானியம் இல்லாதபோது அதைச் சாராயமாக வடிப்பதை 1772இல் அரசு தடை செய்தது. நற்செயல்தான். ஆனால் 1775இல் அதே அரசு, குடிமக்கள் வீட்டிலே வடிப்பதை விலக்கி, சாராயம் வடிக்கும் உரிமையைத் தனக்கே ஆக்கிக்கொண்டது. அரசு வடிசாலைகள் பல ஊர்களில் எழுந்தன. திறைசேரிக்குப் பணம் வேண்டியிருந்தது. குடியானவர் கடுமையாக எதிர்க்கவே, 1780களின் பிற்பகுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏழையின் மயக்கத்திலிருந்து வருமானம் தேடும் அரசு, அதே ஏழையைப் பார்த்து, "நீ ஏன் குடிக்கிறாய்?" என்று கேட்பது எவ்வளவு பொருந்தும்? வங்கிக்கு எதிரே தவறணை இருந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இரண்டுக்கும் இடையே ஓடிய பணவாய்க்கால் தற்செயலானது அன்று.

அப்படியாயின் இப்பாட்டிலே நாம் பெறத்தக்கது யாது? ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இழந்தவன் தன்னைப் பெற்றவருக்கு நன்றி சொல்கிறானே, அது. அந்த நன்றியைச் சாராயம் படைக்கவில்லை. அது முன்னமே அவன் உள்ளத்தின் அடியிலே கிடந்தது. சூடு பட்டதும் மேலே வந்தது. உள்ளே இல்லாத ஒன்றை எந்த மதுவும் வெளியே கொணராது. அந்த நன்றியை வெளிக்கொணர ஒரு நண்பனின் சொல், ஒரு வேளை உணவு, ஒரு நாள் வேலை, இவற்றுள் ஏதேனும் ஒன்று போதுமானதாய் இருந்திருக்கும். அவனுக்கோ திறந்த கதவு தவறணைக் கதவு ஒன்றே. இதுதான் பாட்டின் உண்மையான துயரம்.

பின்னைய புகழ்

1790இல் இப்பாட்டுக்கள் இசைக்குறிப்போடு நூலாக வெளிவந்தன. மெட்டுக்கள் பலவற்றைப் பெல்மன் தம் காலத்தில் வழங்கிய நடனங்களிலிருந்தும் பிரெஞ்சு நாடகப் பாட்டுக்களிலிருந்தும் எடுத்துத் தம் சொல்லுக்கு ஏற்பத் திருத்தியமைத்திருந்தார். இசைப் பதிப்பை மேற்கொண்டவர் ஊலொவ் ஆல்ஸ்த்ரோம். முகவுரை எழுதியவர் யோஹான் ஹென்றிக் செல்கிரேன் என்ற பெரும் விமர்சகர். இவர் பல ஆண்டுகளுக்கு முன் பெல்மனைத் தவறணைக் கவி என்று ஏளனஞ் செய்தவர். முன்பு இகழ்ந்த அதே கையால் பின்பு முகவுரை எழுதியமை, கவிஞருக்குப் பெருமை. விமர்சகருக்கு அதனினும் பெருமை. மறு ஆண்டில் 65 பாட்டுக்களைக் கொண்ட "பிரெட்மனின் பாடல்கள்" வெளிவந்தது.

1829இல் ஸ்டொக்ஹோமில் கவிஞருக்குச் சிலை எடுத்தனர். 1919இல் அவர் பெயரால் ஒரு சங்கம் தோன்றியது. 20ஆம் நூற்றாண்டிலே இளம் பாடகர் பலர் அவரை மீண்டும் எடுத்துப் பாடினர்; அவர்களுள் ஒருவரான கொர்னேலிஸ் விரேஸ்விக் 1971இல் வெளியிட்ட இசைத்தட்டு, பெல்மனைப் புதிய தலைமுறையினரிடம் கொண்டுசென்றது. வாழ்நாளிலே கடனுக்காகச் சிறை. இறந்தபின் கல்லிலே சிலை. உலகத்தின் கணக்கு பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுகிறது.

நேயர்களே! பெல்மனின் மணிக்கூட்டுக்காரன் தன் திருப்தியைத் தானே தேடினான். தவறான இடத்திலே தேடினான். ஆயினும் தானே தேடினான். எதிரிலிருந்த வங்கி மாளிகையின் யன்னலைத் திறந்து எவரேனும் தலையை நீட்டி, "அப்பா, உள்ளதைக்கொண்டு மகிழ்வாயாக" என்று அவனுக்கு உபதேசித்திருந்தால், அந்தச் சொல்லும் இந்தப் பாட்டின் சொல்லும் ஒன்றாகுமா? சொல் ஒன்றாகலாம், பொருள் ஒன்றாகாது.

ஆதலால் பெற்றோரும் மாணவரும் இதனை மனத்தில் இருத்துதல் நன்று. போதுமென்ற மனத்தை நமக்கு நாமே விதித்துக்கொள்வோம். நம் உடையிலும், உணவிலும், ஆசையிலும் அதைப் பழகுவோம். ஆனால் வாயிலில் வந்து நிற்கும் வறியவனுக்கு அதை எடுத்து வழங்காதிருப்போம். அவனுக்கு வழங்கவேண்டியது சோறும், வேலையும், மதிப்பும். திருப்தியைப் பற்றி அவன் நமக்குச் சொல்லட்டும். அவன் சொல்லும்போது நாம் கேட்போம். அவ்வாறு கேட்பதற்காகவே 1768ஆம் ஆண்டுக் கோடை இரவிலே, உறங்காத ஒரு மனிதனின் குரலை ஒரு கவிஞர் நமக்காக எழுதி வைத்தார்.